கராச்சி ரேடியோ கேட்டதாகச் சொன்னார்கள்

முகம்மது ஹனீப் தாராவியில் தோல்பை தைக்கும் பட்டறை வைத்திருந்தார். சொந்த ஊர் மேலப்பாளையம். வதந்தி என்றால் அவருக்கு ஆகவே ஆகாது. நாற்பத்து நாலில் பம்பாய்த் துறைமுகத்தில் கப்பல் வெடித்தபோது அவரும் தம்பியும் துறைமுகத்தை ஒட்டிய மஸ்ஜித் பந்தரில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தார்கள். ஜப்பான்காரன் குண்டு போட்டுவிட்டான் என்று யாரோ கத்த, தெருவே ஓடியது. அந்த நெரிசலில் மிதிபட்டுத் தம்பி செத்துப்போனான். குண்டு எதுவும் விழவில்லை என்று பிறகுதான் தெரிந்தது.

"சேதி சரியா வந்திருந்தா அவன் இருந்திருப்பான்" என்பார் ஹனீப். உலகத்துச் சண்டைகளில் பாதி, ஒருவன் சொன்னது இன்னொருவன் காதில் சரியாக விழாததால் வந்தவை என்பது அவர் கட்சி. அதற்காகவே ஒரு கப்பல்காரரிடம் டிரான்சிஸ்டர் ரேடியோ வாங்கினார். தபாலாபீஸில் லைசென்சும் எடுத்தார்.

சாயங்காலமானால் பட்டறை வாசலில் ஏரியலை நீட்டிவிடுவார். டெல்லி, கொழும்பு, லண்டன், தமிழில் எது கிடைத்தாலும் சரி. கியூபா, காங்கோ, பெர்லின் சுவர் எல்லாவற்றுக்கும் அவரிடம் விளக்கம் இருந்தது. பக்கத்து டீக்கடை வெயிலுமுத்து, அவரும் திருநெல்வேலிக்காரர்தான், ஒருநாள் தவறாமல் வந்து உட்கார்ந்து கேட்பார்.

அறுபத்தைந்து செப்டம்பரில் பாகிஸ்தானோடு போர் மூண்டது. விளக்கு வெளிச்சம் விமானத்துக்குத் தெரியாமலிருக்க ஜன்னல்களில் கறுப்புத் தாள் ஒட்டினார்கள். ஹனீப் ரேடியோவை மட்டும் நிறுத்தவில்லை. ஒருநாள் அந்தி நேரத்தில் இரண்டு போலீஸ்காரர்கள் வந்து நின்றார்கள்.

"கராச்சி சுன்தா ஹை? சிக்னல் பேஜ்தா ஹை?" கராச்சி ரேடியோ கேட்கிறாயாமே, அங்கே சிக்னல் அனுப்புகிறாயாமே என்று அதட்டினார்கள்.

இது கேட்கிற பெட்டி, இதில் பேச முடியாது என்று ஹனீப் அரைகுறை இந்தியில் சொல்லிப் பார்த்தார். ஒரு போலீஸ்காரர் வெயிலுமுத்துவிடம் திரும்பினார்: இவன் ரேடியோவில் என்ன கேட்பான்?

"மாலும் நஹி சாப், தெரியாது. நான் சாய் குடுக்கத்தான் வருவேன்" என்றார் வெயிலுமுத்து. ஹனீபையும் ரேடியோவையும் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனார்கள்.

மறுநாள் மனைவி சைனப் லைசென்சைக் கொண்டுபோய்க் காட்டி, பெரிய அதிகாரி வரும்வரை காத்திருந்து, அவரை மீட்டு வந்தார். ஹனீப் நேராக டீக்கடைக்குப் போனார்.

"ஏன்வே, லண்டன் சேதிதான் கேட்டோம்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"பிள்ளகுட்டிக்காரன்வே நான். உம்மகூட என்னையும் கொண்டுபோயிருந்தா?"

"எனக்கு மட்டும் பிள்ளகுட்டி இல்லையாவே?"

வெயிலுமுத்து கிளாஸ் கழுவிக்கொண்டேயிருந்தார்.

போர் முடிந்த பிறகுதான் ரேடியோ திரும்பி வந்தது, பின்மூடி இல்லாமல், ஊமையாக. ஹனீப் அதைச் சரிபண்ணவில்லை. "லண்டன்ல பேசுறது இங்க கேக்குது. பக்கத்துக் கடைக்காரன் வாயில இருந்து உண்மை வரல. இதுக்கு எவன் மிஷின் கண்டுபிடிப்பான்?" என்று தோலை வெட்டியபடி பொருமுவார். "கொஞ்சம் மெதுவாப் பேசுங்க" என்பார் சைனப். அது அவருக்கு இன்னும் கோபத்தைக் கிளப்பும்.

அறுபத்தொன்பது தொடக்கத்தில் நகரத்தில் கலவரம் வந்தது. மதராசிகள் ஊரைவிட்டுப் போக வேண்டும் என்று கத்திக்கொண்டு ஒரு கூட்டம் வெயிலுமுத்துவின் கடையை நொறுக்கியது. விசாரணைக்கு வந்த போலீஸிடம் எல்லோரும் எதையும் பார்க்கவில்லை என்றே சொன்னார்கள். ஹனீப் மட்டும் முன்னால் போனார். "நான் பார்த்தேன். ரெண்டு பேரை அடையாளம் தெரியும்" என்று பெயரைச் சொன்னார். சைனப் உள்ளேயிருந்து கூப்பிட்டதைக் காதில் வாங்கவில்லை.

வந்த போலீஸ்காரர் தலையாட்டிவிட்டுப் போனார். யாரும் பிடிபடவில்லை. அந்த இருவரும் அதே தெருவில் ஹனீபை முறைத்தபடி நடந்தார்கள்.

"எனக்காகவாவே சொன்னீரு?" என்று கேட்டார் வெயிலுமுத்து.

"உமக்காக இல்லவே. பார்த்தேன், சொன்னேன். சொல்லி என்ன ஆச்சு?"

அந்த வருஷம் நிலாவில் மனிதன் இறங்கினான். வெயிலுமுத்து தானே ஒரு மெக்கானிக்கைக் கூட்டிவந்து ரேடியோவைப் பேசவைத்தார். பட்டறை நிறையக் கூட்டம். ஹனீப் விளக்கம் சொல்வாரென்று எல்லோரும் அவர் முகத்தையே பார்த்தார்கள்.

"அங்கேயும் ஒருத்தன் வந்து, நீ எந்த ஊருக்காரன்னு கேப்பான், பாருங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு, அவர் பைக்கு வார் தைக்க உட்கார்ந்தார்.