நாலு சாக்கு விரிப்பு

நேற்று அரிசி மூட்டை வாங்கினேன். அதன் வாயைத் தைத்திருந்த நூலில் தப்பான முனையை இழுத்துவிட்டேன் போலிருக்கிறது, சிக்கி இறுகிவிட்டது. கடைசியில் கத்தரிக்கோல்தான். அம்மா பார்த்திருந்தால் தலையில் அடித்துக்கொண்டிருப்பாள். ஒரே இழுப்பில் மூட்டையைத் திறந்து, அந்த நூலையும் விரலில் சுற்றிப் பத்திரப்படுத்துகிறவள் அவள்.

பங்களாதேஷ் சண்டை நடந்தபோது அப்பா பட்டாளத்தில் இருந்தார். சின்னமனூர் வீட்டில் அம்மா, நான், தங்கச்சி மூன்று பேர்தான். மணியார்டர் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. அதனால் எதுவும் வீணாகக் கூடாது. ரொட்டிக் கடையில் மைதா வந்த துணிச் சாக்குகளை அம்மா கேட்டு வாங்கி வருவாள். வெளுக்க உவர்மண் போட்டு அவித்தாலும் புளித்த மாவு வாசனை போகாது. மில்லுக்காரன் அடித்த சிவப்பு எழுத்தும் போகாது.

அப்படி நாலு சாக்கைப் பிரித்து, மூட்டி, ஒரு படுக்கை விரிப்பு தைத்தாள். சுவரோரம் என் சாக்கு, அடுத்தது தங்கச்சிக்கு, அப்புறம் அம்மா. கதவுப் பக்கம் இருந்தது அப்பாவுக்கு. தூக்கத்தில் அம்மாவைத் தாண்டி அங்கே உருண்டால் போதும், அதட்டுவாள்.

"ஏத்தா, தள்ளிப் படு. அங்கன அப்பா வந்து படுப்பாக."

அந்தச் சாக்கு மட்டும் கசங்காமலே கிடந்தது.

சண்டை முடிந்து, பட்டாளத்தை விட்டே அப்பா வந்துவிட்டார். ஆனால் விரிப்பில் படுக்கவில்லை. கதவோரம் வெறுந்தரையில் கையை மடக்கித் தலைக்கு வைத்துக்கொள்வார். பாத்திரம் உருண்டால்கூட எழுந்து உட்கார்ந்துவிடுவார். "பழகிப்போச்சு, விடு" என்பார். அம்மா தினமும் அவர் இடத்தைத் தட்டிவிட்டுக் காத்திருப்பாள். நாங்களும் கண்ணை மூடிக்கொண்டு காத்திருப்போம்.

பெரியகுளத்து மாம்பழம் வந்து ஓய்ந்த பிறகு, ஒரு நாள் அம்மா அந்த நாலாவது சாக்கைப் பிரித்தாள். கைத்தையல், ஒரே இழுப்பில் வரவில்லை. பல்லால் கடித்துக் கடித்துப் பிரித்தாள்.

"துணி வீணாப் போகுதுல்ல" என்றாள், யாரும் கேட்காமலே.

அது எனக்குப் பாவாடை ஆனது. பின்பக்கத்தில் 'முதல் தரம்' என்று சிவப்பு எழுத்து. படிப்பில் நான் எத்தனாவது தரம் என்பது வாத்தியாருக்குத்தான் தெரியும்.

அப்பா அதைத் தொட்டுப் பார்த்தார். "இது ஏது ஆத்தா, துணி?"

"ஒங்க எடம்ப்பா" என்றேன் பெருமையாக.

அன்றைக்கு ராத்திரி அம்மா விரித்ததும் அப்பா அவள் பக்கத்தில் வந்து நின்றார். படுக்கத்தான் இடம் இல்லையே!

அம்மா சட்டென்று நகர்ந்தாள். "ஏத்தா, தள்ளிப் படுங்க."

மூணு சாக்கில் நாலு பேர். என் மூக்கு சுவரில் இடித்தது. அவ்வளவு சந்தோஷமாக நான் அப்புறம் நசுங்கியதே இல்லை.

இப்போது அப்பா அம்மா இல்லை. தங்கச்சி கோயம்புத்தூரில். என் வீட்டுக்காரரும் போய்ச் சேர்ந்துவிட்டார். பீரோ நிறைய உறை பிரிக்காத விரிப்புகள் இருக்கின்றன, பெரிய கட்டில் முழுக்க எனக்குத்தான். உங்களிடம் சொல்வதற்கென்ன, காலையில் எழுந்து பார்த்தால் சுவரோரமாகவே ஒட்டிக் கிடக்கிறேன்.

மற்ற இடமெல்லாம் கசங்காமல் இருக்கிறது.