தம்பியை இடுப்பில் தூக்கி வந்த பிள்ளைகள்

பச்சைத் தேயிலை வாடும்போது ஒரு வாசனை வரும். முதலில் வெட்டிய புல் மாதிரி, கொஞ்ச நேரம் போனால் ஏதோ பழம் மாதிரி... இலங்கை மலைநாட்டில் அந்த எஸ்டேட்டில் வேனை விட்டு இறங்கியதும் மூக்கில் ஏறியது அதுதான்.

அப்போது எனக்கு இருபத்து நாலு வயது. கோலார் தங்கவயலில், எங்கள் பேச்சில் கே.ஜி.எஃப்.பில், ஸ்கெலட்டன் என்ற இடத்துப் பக்கம் மைன்காரர்களின் லைன் வீடு. பெங்களூரில் டேட்டா என்ட்ரி வேலை. விடியும் முன்னே ரயில் ஏறினால், இருட்டிய பிறகுதான் வீடு.

எங்கள் சர்ச்சிலிருந்து பத்து நாள் மிஷன் ட்ரிப். எஸ்டேட் பிள்ளைகளுக்கு ஸ்கூல் லீவில் வி.பி.எஸ். வகுப்பு நடத்த வேண்டும்... பைபிள் கதை, பாட்டு, படம் வரைதல். ஆக்‌ஷன் பாட்டு நன்றாக வரும் என்று என்னையும் சேர்த்துக்கொண்டார்கள்.

அப்பா நந்திதுர்க் தங்க மைனில் வேலை செய்தவர். மைன் மூடிய பிறகு வீட்டோடு. என் பாஸ்போர்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னாமே, நம்ம ஊட்ல மொத பாஸ்போர்ட்டு உன்துதான். நாங்கல்லாம் கேஜ்ல ஏறி சொரங்கத்துக்குள்ள கீழதான் போனோம்."

எஸ்டேட்டிலும் ஒரே கூரைக்குக் கீழே ஒட்டி ஒட்டி வரிசை வீடுகள். அங்கே அதை லயம் என்றார்கள். எங்கள் டீம் லீடர் கிரேஸ் அக்கா சுற்றிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "இன்னாடி இது, இவ்ளோ தூரம் வந்து நம்ம லைனுக்கே வந்துட்டோம்!"

எஸ்டேட் சர்ச் ஹாலுக்கு முப்பது பிள்ளைகள் வந்தார்கள். முதல் வரிசையில் தர்ஷினி. ஒன்பது வயது. பாட்டு என்றால் அவள் குரல்தான் மேலே நிற்கும். மூன்றாம் நாள் அவளைக் காணவில்லை.

மதியம் தேடிக்கொண்டு போனேன். லயத்து வாசலில், எட்டு மாதத் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"பிள்ளைக்காம்பரா மூடிட்டாங்க டீச்சர். அம்மா கொழுந்து எடுக்கப் போயிட்டாங்க. ரெண்டு நாளு பெரியம்மா பாத்துக்கிட்டாங்க. இன்னைக்கி அவங்களுக்கும் வேல."

அம்மாக்கள் தோட்டத்தில் இருக்கும்போது கைக்குழந்தைகளை விடும் இடம்தான் பிள்ளைக்காம்பரா. கூரை ஒழுகி அதை மூடியிருந்தார்கள். லீவுக்கு முன்னாலேயே ஒரு மாதமாக தர்ஷினி ஸ்கூலுக்கே போகவில்லையாம். அவளைப் போல இன்னும் பல அக்காக்கள்.

யோசிக்காமல் சொல்லிவிட்டேன். "அப்ப தம்பியையும் தூக்கினு வா!"

விஷயம் லயமெல்லாம் பரவி, மறுநாள் பதினொரு கைக்குழந்தைகள் வந்தன.

பைபிள் கதையில் நோவா பேழை கட்டி முடிப்பதற்குள் பாய் நனைந்தது. ஒன்று நீலக் கிரேயானைக் கடித்து, வாயெல்லாம் நீலம். ஒன்று அழ ஆரம்பித்தால் பதினொன்றும் அழும். கிரேஸ் அக்கா என்னை வெளியே கூப்பிட்டார்.

"ஸ்டெல்லா, நாம கதை சொல்ல வந்தோமா, தொட்டில் ஆட்ட வந்தோமா? சபையில போய் இன்னான்னு சொல்றது?"

அவர்மேல் தப்பில்லை. ஆறு மாதம் உட்கார்ந்து தயார் செய்தவர். எனக்கு முகம் சுருங்கிப் போயிற்று.

"கொழந்தைங்கள நான் பாத்துக்கறேன்கா. நீங்க கதைய நடத்துங்க."

அன்றிலிருந்து பின்னறைதான் எனக்கு. சேலையில் மூன்று தூளி கட்டினேன். பால், ஈரத்துணி, தாலாட்டு... இடுப்பு கழன்று விழும்போல இருந்தது. பாட்டுக்காக வந்தவள் பிள்ளைகளோடு ஒரு பாட்டுகூடப் பாடாமல் திரும்பப் போகிறேனே என்று உள்ளுக்குள் அழுகை வேறு.

ஏழாம் நாள் கதவிடுக்கில் எட்டிப் பார்த்தேன். தர்ஷினி படம் வரைந்துகொண்டிருந்தாள். இடது கையால் பேப்பரை அழுத்திப் பிடித்து, வலது கையால் கலர் அடித்து, நாக்கைப் பல்லில் கடித்தபடி... இரண்டு கையும் அவளுக்கே அவளுக்கென்று இருந்தது. நகர முடியாமல் அங்கேயே நின்றுவிட்டேன்.

கிரேஸ் அக்காவும் பார்த்திருக்கிறார். உள்ளே வந்து என் தோளிலிருந்த குழந்தையை வாங்கிக்கொண்டார்.

"குடு, இவன நான் வெச்சிக்கறேன். நீ போய் அதுங்களுக்கு ஒரு பாட்டு சொல்லிக்குடு, போ."

கடைசி நாள் தர்ஷினியின் அம்மா வந்தார். கூரையைச் சரிசெய்யும் வரை குழந்தைகளை சர்ச் ஹாலிலேயே பார்த்துக்கொள்வதாக அந்தச் சர்ச்சைக் கவனித்துவந்த உபதேசியாரின் மனைவி சொல்லியிருந்தார். தேயிலைக் கறை படிந்த விரல்களால் அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"திங்கக்கெழம ஸ்கூல் தொறக்குது டீச்சர். இவ போவா."

அவ்வளவுதான் சொன்னார். 

ஊருக்கு வந்து பழையபடி ரயில். ஒருநாள் எதிர் சீட்டில் எங்கள் லைன் கவிதா கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கைக்குழந்தையைப் பெரிய பெண்ணிடம் விட்டு வந்திருக்கிறாள். அந்தப் பெண் ஐந்தாம் கிளாஸ். அன்றைக்கும் ஸ்கூல் போகவில்லை.

எத்தனை வருஷம் அதே ரயிலில் போயிருக்கிறேன்... ஒரு நாளாவது என் கண்ணில் பட்டிருக்கிறதா? கடல் தாண்டிப் போய் பார்த்த பிறகுதான் பக்கத்து வீடு தெரிந்தது.

வேலையை விட ஒரு வருஷம் ஆயிற்று. எங்கள் வீட்டு முன்னறையில் கவிதாவின் குழந்தையோடு ஒரு பிள்ளைக்காம்பரா ஆரம்பித்தேன். இப்போது பதினாலு பேர். முக்கால்வாசி இந்து வீட்டுப் பிள்ளைகள். அவரவர் வீட்டுச் சாமி அவரவருக்கு; இங்கே பால், தூக்கம், பாட்டு.

அப்பா காலத்தில் ஷிஃப்டுக்கு சங்கு ஊதினால் ஆண்கள் நடந்தே மைனுக்குப் போவார்கள். இப்போது விடிவதற்குள் அம்மாக்கள் ஸ்டேஷனுக்கு ஓடுகிறார்கள். ஊர் ரொம்ப மாறிவிட்டது... அந்தப் பத்து நாளை எனக்குக் கொடுத்த கர்த்தருக்கும், பிள்ளைகளை நம்பி அனுப்பிய அந்த மலைநாட்டு அம்மாக்களுக்கும் தினமும் நன்றி சொல்கிறேன்.

நேற்று சாயந்திரம் ஒரு அம்மா போன் செய்தாள். "அக்கா, ட்ரெயின் பங்காருப்பேட்டைலயே நிக்குது, வர லேட்டாவும், கோச்சிக்காதீங்க."

அவள் மகள் பாயில் தூங்கிக்கொண்டிருந்தாள். எழுப்பி ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போகலாமா என்று குனிந்தேன். அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார்.

"எழுப்பாதமே. நான் தூக்கினு போய் ஸ்டேஷனாண்ட நிக்கறேன். எறங்கனதும் கொழந்த மூஞ்சிய பாக்கட்டும்."