சிவப்புக் கண்ணாடிப் பைனாக்குலர்

எங்கள் அத்தியட்சகரை நினைத்தால் எனக்கு அவருடைய முகம் வருவதில்லை; ஒரு பைனாக்குலர்தான் வருகிறது. அதன் முன்கண்ணாடி இரண்டும் மாணிக்கம் மாதிரிச் சிவந்திருக்கும். நகைக்கடை அலுமாரிக்குள் இருக்க வேண்டிய சாமான். அத்தியட்சகருக்கு எண்பது வயது நிறைகிறதாம், பழைய உத்தியோகத்தர்கள் சேர்ந்து பாராட்டு மலர் அச்சிடுகிறார்களாம், நல்லதாக நாலு வரி தரும்படி வெள்ளவத்தையில் என் வீட்டுக்கே வந்து கேட்டார்கள். அவரும் இங்கேதான் இருக்கிறார். பின்னேரங்களில் கடற்கரை வீதியில் நடப்பார்; கண்டால் நான் மற்றப் பக்கம் போய்விடுவேன். நல்லதாக நாலு வரி என்னிடம் இல்லை. இருப்பதை எழுதுகிறேன்.

நாங்கள் வேலை செய்தது கரையோரப் படகுகளைக் கவனிக்கும் ஒரு சிறு அலுவலகத்தில். பெயர் இங்கே தேவையில்லை. அவர் தலைவர், நான் பிரதம லிகிதர். கடலைப் பார்த்தபடி எங்களுக்கு ஒரு கோபுரம் இருந்தது. அதில் பின்னேரக் கடமை பார்த்தவர் கொட்டாஞ்சேனைக்காரர், இருபத்தாறு வருடச் சேவை உள்ளவர். எல்லோரும் அவரைக் கோபுரக்காரர் என்றே சொல்வோம். சூரியன் இறங்கி முற்றாக இருட்டும் முன், விளக்கு ஏற்றாமல் திரும்பும் சிறு வள்ளங்களைக் கண்டுபிடித்து, எங்கள் இயந்திரப் படகுகளுக்கு ரேடியோவில் சொல்வது அவருடைய வேலை. அவருடைய பழைய பைனாக்குலரில் பூஞ்சணம் பிடித்துவிட்டது. புதியது வாங்க வேண்டியிருந்தது.

மங்கல் வெளிச்சத்துக்குப் பைனாக்குலர் தெரிவது பெரிய வித்தையல்ல. முன்கண்ணாடியின் அகலத்தைப் பெருக்கத்தால் வகுத்தால் போதும். ஏழு மடங்கு பெருக்கம், ஐம்பது மில்லிமீற்றர் கண்ணாடி என்றால் கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றை ஏழு மில்லிமீற்றர் அகலம். இருட்டில் விரிந்த கண்மணிக்கு அளவானது. அதே கண்ணாடியில் இருபது மடங்கு என்றால் இரண்டரைதான். பெரிதாகத் தெரியும், ஆனால் கறுப்பாகத் தெரியும். கை நடுக்கமும் சேர்ந்து பெருகும். சிவப்புப் பூச்சோ, உள்ளே வரவேண்டிய வெளிச்சத்தில் ஒரு பங்கை வெளியே திருப்பி அனுப்பிவிடும். இதையெல்லாம் அரைப் பக்கத்தில் எழுதி அத்தியட்சகரின் மேசையில் வைத்தேன். அவர் அதன் மேல் தேநீர்க் கோப்பையை வைத்தார்.

கொள்வனவுக் குழுவில் அவர், கணக்காளர், நான் என்று மூன்று பேர். மாதிரிகளைச் சோதித்தது காலை பதினொரு மணிக்கு, மொட்டைமாடியில், கண் கூசும் வெயிலில். மாலையில் பாவிக்கும் சாமானை மாலையில் சோதிப்போம் என்றேன். அலுவலகம் மூடும் நாலேகாலுக்குப் பிறகு குழு கூட விதியில் இடமில்லை என்றார். இடமுண்டு, எந்தப் பந்தி என்றும் சொன்னேன். அவர் இருபது மடங்குச் சிவப்புக் கண்ணாடியைத் தூக்கி, தூரத்தில் நின்ற கப்பலின் பெயரை எழுத்தெழுத்தாக வாசித்துக் காட்டினார்.

"கண் எனக்கும் இருக்கு, ஐசே. இருபது பெரிசோ, ஏழு பெரிசோ?"

கணக்காளர் சிரித்தார். சிவப்புக் கண்ணாடியையே வாங்கலாம் என்று தாளில் மூன்று கையெழுத்து விழுந்தது. மூன்றாவது என்னுடையது. மாற்றுக் கருத்தைத் தனிக் குறிப்பாக இணைக்கலாம் என்ற விதியும் எனக்குத் தெரியும். இணைக்கவில்லை. மத்தியானச் சாப்பாட்டு நேரமாகிவிட்டது.

ஆறரைக்குப் பிறகு அதற்குள் ஒன்றும் தெரிவதில்லை என்று கோபுரக்காரர் இரண்டு தடவை வந்து முறையிட்டார். பழகினால் தெரியும் என்று அனுப்பிவிட்டார்கள். மூன்றாம் மாதம் ஒரு மாலை, எங்கள் படகொன்று விளக்கில்லாத வள்ளத்தில் மோதியது. ஒரு மீனவருக்குக் கால் முறிந்தது. மறுநாளே கோபுரக்காரர் கடமை தவறியதாகக் குற்றப்பத்திரம். நிரூபணமானால் வேலையும் போகும், ஓய்வூதியமும் போகும். அத்தியட்சகர் எழுத்தில் போடத் துணியாததை வாயால் சொல்லித் திரிந்தார்.

"கொட்டாஞ்சேனை ஆள்தானே. பின்னேரமானாக் கண் மங்கத்தானே செய்யும்."

கோபுரக்காரர் குடிப்பதில்லை என்பது அவருக்கும் தெரியும்.

விசாரணையில் குற்றஞ்சாட்டப்பட்டவர் தன் பக்கம் பேச ஓர் உத்தியோகத்தரை வைத்துக்கொள்ளலாம். என்னை வைத்துக்கொள்ளும்படி நானே போய்க் கேட்டேன். கோபுரக்காரர் திருப்பிக் கேட்டார்.

"நீங்களும் கையெழுத்து வச்சீங்கதானே, சேர்?"

"ஓம்."

"அப்ப வாங்க. நடந்தது உங்களுக்குத்தான் தெரியும்."

விசாரணை அதிகாரி கல்கிசையிலிருந்து வந்த சேவையிலிருந்து இளைப்பாறிய ஒரு மனிதர். சம்பவ இடத்தைச் சம்பவம் நடந்த நேரத்தில் பார்வையிட வேண்டும் என்று அவரிடம் எழுத்தில் கேட்டேன். எழுத்தில் கேட்டதை மறுத்தால், மறுத்த காரணத்தையும் எழுத்தில் தர வேண்டும். அவர் சம்மதித்தார். குறித்த மாலை அத்தியட்சகரும் கோபுரக்காரரும் சேர நாலு பேரும் கோபுரத்தில் ஏறினோம். மீனவர் ஒருவரிடம் ரேடியோ ஒன்றைக் கொடுத்து, இருட்டத் தொடங்கியதும் விளக்கில்லாத வள்ளமொன்று மோதல் நடந்த இடத்தில் வந்து நிற்க ஒழுங்கு செய்திருந்தேன். அத்தியட்சகர் சிவப்புக் கண்ணாடியைக் கடலுக்குத் திருப்பினார். இடமிருந்து வலம் பார்த்தார். வலமிருந்து இடம் பார்த்தார். வள்ளம் எப்போது வரும் என்று கேட்டார்.

கோபுரக்காரர் ரேடியோவில் விசாரித்தார். "வந்து பத்து நிமிஷமாம், சேர். நேர முன்னுக்குத்தான் நிக்குதாம். லாம்பைப் பத்தவைக்கச் சொல்லவா?"

சொன்னார். எங்களுக்கு நேரே, கடலின் நடுவில், ஒரு விளக்கு எரிந்தது.

அத்தியட்சகர் பைனாக்குலரை இறக்கினார். விசாரணை அதிகாரி அவர் பக்கம் திரும்பினார்.

"வெளிச்சம் காணாது, ஐசே," என்றார் அத்தியட்சகர் என்னைப் பார்த்து. "இந்த வெளிச்சத்தில உந்தப் பைனாக்குலராலை ஆருக்கும் ஒண்டும் தெரியாது. அதாலை பரிசோதனை ஒத்திவைக்கப்பட்டது எண்டு எழுதும்."

எழுதினேன். அவர் சொன்னதில் ஒரு சொல் கூட்டவில்லை, ஒரு சொல் குறைக்கவில்லை. கௌரவம் தப்பிய நிம்மதியில் அங்கேயே கையெழுத்திட்டு, நேரத்தையும் தன் கையாலேயே குறித்தார். மோதல் நடந்ததும் அதே நேரத்தில்தான். வேறு சாட்சி எனக்குத் தேவைப்படவில்லை. கோபுரக்காரர் விடுவிக்கப்பட்டார்.

அவரிடம் அத்தியட்சகர் ஒரு வார்த்தை வருத்தம் சொல்லவில்லை. பைனாக்குலரையும் மாற்றவில்லை. அதற்கு ஐந்து வருட ஆயுள் விதித்திருக்கிறதாம். அதற்கு முன் கழிக்க முடியாதாம். ஆகவே கோபுரக்காரர் ஒவ்வொரு மாலையும் குறிப்பேட்டில் ஒரே வரியை எழுதத் தொடங்கினார்: "வெளிச்சம் போதாது. இந்தப் பைனாக்குலரால் ஒன்றும் தெரியவில்லை." மறுநாள் காலை அதன் கீழே அத்தியட்சகர் சுருக்கொப்பம் இட்டாக வேண்டும். ஒரு மாதம் இட்டார். பிறகு ஒரு நாள் என்னைக் கூப்பிட்டுக் குறிப்பேட்டை என் பக்கம் தள்ளினார்.

"உந்த மனுசனை இனி உந்த வரியை எழுத வேண்டாமெண்டு சொல்லும்."

"எழுத்தில தாங்கோ, சேர். சொல்லுறன்."

தரவில்லை. இரண்டு வாரம் கழித்து, ஏழு மடங்குப் பைனாக்குலர் ஒன்று கோபுரத்துக்கு வந்தது. அன்று மாலைக் குறிப்பேட்டில் கோபுரக்காரர் எழுதினார்: "விளக்கில்லாத வள்ளங்கள், மூன்று." அதற்கும் அத்தியட்சகர் சுருக்கொப்பம் இட்டார். வாசித்தாரோ தெரியாது.