பதினான்கு காப்பிக்கொட்டைகள்

சரோஜா சிஸ்டர் இறந்த செய்தி எஸ்டேட் மன்றத்தின் அறிவிப்புத் தாளாகத்தான் எனக்கு வந்தது. 'நம் மன்றத்தில் கதையாட்டத்தைத் தொடங்கி, கடைசிவரை நம்மோடு இருந்தவர்' என்று அச்சிட்டிருந்தார்கள். மூன்று முறை படித்தேன். கோபப்பட்டு எனக்குப் பழக்கமில்லை. இதற்குக் கோபப்படலாமா என்றுகூட யோசித்தேன். முதல் பாதி உண்மை. இரண்டாம் பாதி பொய். அவரை வெளியே அனுப்பியவர்கள் நாம்தான்.

எண்பதுகளின் தொடக்கம் அது. தன் நாட்டுக்குத் திரும்பிய வெள்ளைக்கார ஆசிரியர் ஒருவர், எங்கள் எஸ்டேட் மருந்தகத்தில் நர்ஸாக இருந்த சிஸ்டரிடம் ஒரு விதிப் புத்தகத்தையும் பலமுகப் பகடைகளையும் விட்டுப் போனார். அந்த ஆட்டத்துக்குப் பலகை கிடையாது. நடத்துபவர் ஓர் இடத்தையும் ஆபத்தையும் சொல்வார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி, தாம் என்ன செய்வோம் என்று சொல்ல வேண்டும். நடக்குமா நடக்காதா என்பதைப் பகடை தீர்மானிக்கும். நாலைந்து பேருக்கான ஆட்டம் என்று புத்தகம் சொன்னது. மழைக்கால ஞாயிறுகளில் மன்றத்தில் எங்கள் மேசையைச் சுற்றிப் பதினான்கு பேர் இருந்தோம்.

பதினான்கு பேரும் ஒரே நேரத்தில் பேசினோம். எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டரான நான், முறை வைத்துப் பேசட்டும் என்று ஒரு பட்டியல் எழுதிக் கொடுத்தேன். கைப்பழக்கத்தில் மேனேஜர் பெயரை முதலிலும், மஞ்சக்குட்டையிலிருந்து ஜீப்பில் வரும் விவசாயி வெள்ளையன் பெயரைக் கடைசியிலும் எழுதியிருந்தேன். சிஸ்டர் அதைப் பார்த்துச் சிரித்தார். "நொம்ப நல்லா எழுதியிருக்கீங்க ரைட்டரே. நான் கீழ இருந்து படிச்சுக்கறேனுங்க."

பிறகு ஆளுக்கொரு காப்பிக்கொட்டை கொடுத்தார். பேசியவர் தன் கொட்டையை நடுவிலிருக்கும் கிண்ணத்தில் போட்டுவிட வேண்டும். பதினான்கும் விழும்வரை யாருக்கும் இரண்டாம் முறை கிடையாது.

ஒரு ஞாயிறு, கதையில் எங்கள் வழியை ஒரு கரடி மறித்தது. பதின்மூன்று பேரும் அடிக்கவும் கொளுத்தவும் சொல்லி முடித்தோம். அதுவரை மூன்று வாரமாக "நானும் கூட வர்றனுங்க" என்பதற்கு மேல் எதுவும் சொல்லாத வெள்ளையன், கொட்டையைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தார். மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தார். "இவருக்காக எல்லாரும் காத்துக் கெடக்கணுமா?"

"ஏனுங்க, இந்த மழையில எங்க போகப் போறீங்க?" என்றார் சிஸ்டர்.

கடைசியில் வெள்ளையன் வாய் திறந்தார். "அதுக்கு வழிய உட்டுட்டு நாம ஒதுங்கி நின்னாப் போதாதுங்களா?" பகடை விழுந்தது. கரடி போய்விட்டது.

"இந்த யோசனைக்குத்தான் மூணு வாரமா?" என்றார் மேனேஜர்.

"மூணு வாரமும் நீங்கதானுங்களே பேசிட்டிருந்தீங்க" என்றார் வெள்ளையன்.

மேசையே சிரித்தது. மேனேஜர் சிரிக்கவில்லை.

அடுத்த மாதம் நிர்வாகக் குழு கூடியது. ஆட்டத்துக்கு ஆறு பேர் போதும், உறுப்பினர் அல்லாதவர்கள் வேண்டாம் என்று மேனேஜர் தீர்மானம் கொண்டுவந்தார். அந்த ஆறில் வெள்ளையன் இல்லை, டிரைவர்கள் இல்லை, மருந்தகத்தைப் பெருக்கும் பெண் இல்லை. கூட்டம் தாங்காது என்பது சாக்கு. பதினான்கு பேரைத் தாங்க ஒரு கிண்ணம் போதும் என்று எல்லோரும் பார்த்திருந்தோம். "பதினாலு பேரு வந்தா பதினாலு பேருக்குந்தானுங்க கதை" என்றார் சிஸ்டர்.

குழுவில் சிஸ்டரோடு சேர்த்து ஐந்து பேர். சிஸ்டர் அங்கேயும் கிண்ணத்தை வைத்து ஆளுக்கொரு கொட்டை கொடுத்திருந்தார். இரண்டுக்கு இரண்டு என்று நின்றது. ஐந்தாவது ஆள் நான். என் கை எழவில்லை. நான் பேசாததைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள். அதை நானே அழகான கையெழுத்தில் குறிப்பேட்டில் எழுதினேன்.

சிஸ்டர் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு எழுந்தார். என் பக்கம் திரும்பி, கோபமே இல்லாமல், "உங்க கொட்டை இன்னும் கையிலதானுங்க இருக்குது ரைட்டரே" என்றார். பிறகு போய்விட்டார். மருந்தகத் தாழ்வாரத்தில் ஆட்டம் பல ஆண்டுகள் நடந்தது. இருபது பேர் வரை வந்தார்களாம். நான் ஒருநாளும் போகவில்லை.

மன்றத்தில் அந்த ஆறு பேரின் ஆட்டம் இரண்டு வாரத்தில் நின்றது. அறிவிப்புத் தாளில் அதைக் காணோம்.

அவர் நினைவாக என்னிடம் இருப்பது அந்த ஒரு கொட்டைதான், என் பேனாப் பெட்டியில். ஞாயிறன்று மன்றத்தில் இரங்கல் கூட்டம். உங்களில் பலரும் வருவீர்கள். 'கடைசிவரை நம்மோடு இருந்தவர்' என்ற வரி பொய், அந்தப் பொய்யில் என் பங்கும் உண்டு என்று எழுந்து சொல்லிவிட்டு, கொட்டையை மேசையில் வைக்கப் போகிறேன். என் நாக்கு சீக்கிரம் புரளாது. காத்திருக்கச் சொல்ல அவர் இல்லை. நீங்கள்தான் கொஞ்சம் காத்திருக்க வேண்டும்.