படிக்கட்டின் அடியில் எடுத்த படங்கள்

சாவியக்காவின் இடுப்பில் தொங்கிய கொத்தில் ஒன்பது மாடிக் கட்டிடம் ஒன்றின் எல்லாக் கதவுகளுக்கும் சாவி இருந்தது. பத்தொன்பது வருடமாக அவள் கூட்டித் துடைக்கிற கட்டிடம். அங்கே அவளால் திறக்க முடியாத அறை இல்லை. உட்கார்ந்து சாப்பிடத்தான் ஓர் அறை இல்லை. மதியச் சாப்பாடு கீழ்த்தளத்துப் படிக்கட்டின் அடியில், பினாயில் கேனுக்கும் துடைப்பத்துக்கும் நடுவில். தரை எப்போதும் ஈரம் என்பதால் கவிழ்த்த வாளிதான் நாற்காலி.

துப்புரவுப் பெண்களின் சங்கத்துக்கு அவள் செயலாளர். சங்கம் என்றால் சைக்கிள் கடைக்கு மேலே ஓர் அறை, ஒரு மேசை, கால் ஆடும் ஒரு பெஞ்சு. இரண்டு வருடத்துக்கு முன்னால் ஓர் அறக்கட்டளையிலிருந்து வந்த பெண் அந்த பெஞ்சில் பார்த்துப் பார்த்து உட்கார்ந்து, என்ன வேண்டும் என்று கேட்டாள்.

"எங்க கட்டிடத்துல ஒரு ரூம் கட்டிக் குடுங்க, போதும்" என்றாள் சாவியக்கா.

"கட்டலாம்க்கா. அது உங்க கட்டிடத்தோட நின்னுடும். கட்டிட விதியில அதைச் சேர்த்துட்டா எல்லாரும் கட்டியாகணும். நாங்க அதுக்குத்தான் செலவு பண்றோம்."

"தையல் மெஷின் ஏதாவது தருவீங்கன்னு பாத்தேன்" என்றாள் சாவியக்காவின் நாத்தனார். அதே கட்டிடத்தில் மேல் நான்கு மாடியைத் துடைப்பது அவள் வேலை. "நீங்க பேப்பரும் பேனாவும் தர்றீங்க."

அப்படித்தான் ஆனது. சங்கத்துக்கு மனு எழுத வைத்த ஒரு வக்கீலம்மாவின் சம்பளத்தையும், வேலையை விட்டுவிட்டுக் கூட்டத்துக்கு வருகிறவர்களின் அன்றைய கூலியையும் அறக்கட்டளை கொடுத்தது. வக்கீலம்மா எழுதிய மனு மேசை மேசையாக நகர்ந்து, ஒருவழியாகக் கட்டிட விதிகளைத் திருத்தும் அரசாங்கக் குழுவிடம் போய்ச் சேர்ந்தது. பத்து வருடத்துக்கு ஒரு முறைதான் திருத்துவார்கள். இந்த முறை விட்டால் அடுத்ததற்குள் சாவியக்கா வேலையிலிருந்து நின்றிருப்பாள். அவள் முழங்கால் அதற்கும் முன்பே நின்றிருக்கும்.

குழு ஆதாரம் கேட்டது. பெண்கள் சாப்பிடும் இடங்களைப் படம் எடுத்துக் கொடுப்பது என்று முடிவானது. அறக்கட்டளை வாங்கிக் கொடுத்த கேமரா கைமாறிக் கைமாறி நாற்பது கட்டிடம் சுற்றி வந்தது.

குழுவின் முன் போக வேண்டிய நாளுக்கு முந்தின நாள்தான் படங்கள் பிரிண்ட் போட்டு வந்தன. வக்கீலம்மா மேசையில் பரப்பினாள். நாலைந்து படம் வைத்ததுமே கை நின்றுவிட்டது.

"என்னக்கா இது, பளபளன்னு இருக்கு?"

இருந்தது. எல்லாம் படிக்கட்டின் அடிதான், ஆனால் சுவரில் ஒட்டடை இல்லை. கேன்களைக் காணோம். ஒரு படத்தில் வாளியின் மேல் பூப்போட்ட துணி விரித்திருந்தது. எல்லாரும் தலை வாரி, இருப்பதில் நல்லதை உடுத்தியிருந்தார்கள்.

'படம் எடுக்க கேமரா வருது, ரெடியா இருங்க' என்று நாற்பது கட்டிடத்துக்கும் ஃபோன் பண்ணியவள் சாவியக்காதான். துடைத்தே பிழைக்கிறவர்களிடம் ரெடியாக இரு என்றால் வேறென்ன செய்வார்கள்? அவளே தன் இடத்தை இரண்டு முறை துடைத்துவிட்டுத்தான் கேமராவுக்கு முன்னால் உட்கார்ந்தாள்.

"கணக்கு டீச்சர்கிட்ட மாட்டின மாதிரி எல்லாரும் தலையைக் குனிஞ்சுக்கிட்டு இருக்கோம் பாருங்க" என்றாள் நாத்தனார். "விடுங்க அண்ணி. இன்னைக்கே பத்து இடத்துல குப்பையைக் கொட்டி எடுத்துடலாம். அள்ளத் தெரிஞ்சவளுக்குக் கொட்டத் தெரியாதா?"

"வேண்டாம்க்கா" என்றாள் அறக்கட்டளைப் பெண். "ஒரு படம் பொய்னு தெரிஞ்சா மத்ததையும் நம்ப மாட்டாங்க."

"அப்ப உங்க ஆபீஸ்ல என்ன சொல்லுவ?" சாவியக்கா கேட்டாள்.

"நடந்ததை எழுதுவேன். துடைச்சிட்டு எடுத்தாங்கன்னு."

"அதுக்கப்புறமும் காசு தருவாங்களா?"

"தெரியலக்கா."

அந்த நேர்மை சாவியக்காவுக்குப் பிடித்திருந்தது. ஆனாலும் அன்று வீட்டுக்குப் போய், குழுவிடம் என்ன சொல்வது என்று தட்டின் முன்னால் உட்கார்ந்து முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். லிஃப்ட் மெக்கானிக்கான கணவர் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுச் சொன்னார்: "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. கேக்காததுக்கும் பதில் சொல்றதுதான் உன் வியாதி."

குழுவில் ஐந்து பேர். தலைவர் ஓய்வு பெற்ற என்ஜினீயர், ஆறடிக்குக் குறையாத ஆள். படங்களைச் சீட்டுக்கட்டு போலத் தள்ளிக்கொண்டே போனார்.

"சுத்தமாத்தானே இருக்கு? எங்க வீட்டு ஹாலே இப்படி இருக்காது."

எதிர்வரிசையில் கட்டிட உரிமையாளர்கள் தரப்பில் வந்தவர் சிரித்தார். வக்கீலம்மா எழுந்திருப்பதற்குள் சாவியக்காவின் வியாதி முந்திக்கொண்டது.

"நாங்கதான் சார் துடைச்சோம். படம் எடுக்கணும்னு நான் சொன்னேன், துடைச்சிட்டாங்க. நானும் துடைச்சேன். தப்பு என் மேலதான்."

சாவியக்கா மடியிலிருந்த சாவிக்கொத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். தலைவர் படங்களை முதலிலிருந்து எடுத்தார், இந்த முறை மெதுவாக.

"ஏம்மா, எல்லாரும் ஏன் குனிஞ்சிருக்கீங்க? கேமராவைப் பாக்கக் கூச்சமா?"

"இல்ல சார். நிமிர்ந்தா இடிக்கும்."

அவர் பென்சிலை எடுத்தார். படத்தில் தெரிந்த படிகளை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினார். "படிக்கு ஆறு அங்குலம். ஏழாவது படிக்குக் கீழ. கான்கிரீட் கனம் போக மூணடி" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அடுத்த படத்தை எடுத்து அதையும் எண்ணினார். அதற்கடுத்ததையும்.

"அங்க உக்காருங்கன்னு நாங்க யார்கிட்டயும் சொல்லலீங்க" என்றார் உரிமையாளர் தரப்பில் வந்தவர்.

"வேற எங்க உக்காரச் சொன்னீங்க?" என்று கேட்டார் தலைவர்.

உரிமையாளர் தரப்பு ஆள் ஏதோ காகிதத்தைப் புரட்டத் தொடங்கினார்.

விதி வர ஐந்து மாதம் ஆனது. அறக்கட்டளைப் பெண் ஃபோனில் படித்துக் காட்டினாள். துப்புரவுப் பணியாளர்களுக்குத் தனி ஓய்வறை, ஒரு ஜன்னலாவது, ஏழடிக்குக் குறையாத உயரம். பழைய கட்டிடங்களுக்கு ஒரு வருட அவகாசம்.

"அந்த ஏழடியை இன்னொரு தடவை படி" என்றாள் சாவியக்கா. வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

"நாங்க இன்னும் ரெண்டு வருஷம் கூட இருப்போம்க்கா. கட்டுறாங்களான்னு பாக்கணுமே."

"துடைச்சதை எழுதினியா?"

"எழுதினேன். எங்க ஆபீஸ்ல எல்லாரும் படிச்ச ரிப்போர்ட் அது ஒண்ணுதான்."

அவகாசம் முடிய ஒரு வாரம் இருக்கும்போது, முதல் மாடியில் பழைய ஃபைல்கள் கிடந்த அறையைக் காலி செய்து கொடுத்தார்கள். கொத்தில் ஒரு சாவி கூடியது. ஜன்னலுக்கு வெளியே பக்கத்துக் கட்டிடத்தின் குழாய்கள் தெரிந்தன. இரண்டு பெஞ்சு, ஒரு மேசை. மூன்று பெண்கள் பெஞ்சில் உட்கார்ந்து டப்பாவைத் திறந்தார்கள். நாத்தனார் மட்டும் அறையின் நடுவில் தலை நிமிர்ந்து நின்றபடி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"உக்காருடி. பெஞ்சு எதுக்கு இருக்கு?"

"நாளைக்கு உக்காந்துக்கிறேன் அண்ணி" என்றாள் நாத்தனார், வாய் நிறைய. "இன்னைக்கு நின்னுக்கிட்டேதான் சாப்பிடுவேன்."