கடிகாரம் வரையச் சொன்னார்கள்

அடுப்பில் பாலை வைத்துவிட்டு மறந்தேன். அதுவும் இரண்டு தடவை. அதற்காகத்தான் மகன் என்னைப் பெரம்பலூரில் ஒரு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான். ஞாபகம் போய்விட்டது என்று அங்கே எழுதிக்கொடுத்தால், குன்னத்தில் நான் இருக்கும் வீட்டைப் பூட்டி என்னைத் திருச்சிக்குத் தங்களோடு கொண்டுபோவதென்று அவனும் மருமகளும் முன்னாலேயே முடிவு செய்திருந்தார்கள். பஸ்ஸிலேயே சாவியைக் கேட்டான். நான் தரவில்லை.

டாக்டரம்மா நல்ல மாதிரிதான், முகம் சுளிக்கவில்லை. என்ன தேதி என்று கேட்டார். ஐப்பசி பதினொன்று என்றேன். இங்கிலீஷ் தேதி வேண்டுமாம். நூற்றிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார். நான் படித்தது இரண்டாம் வகுப்பு, அதுவும் பாதிவரைக்கும்தான். கடைசியில் தாளும் பேனாவும் கொடுத்து, கடிகாரம் வரையச் சொன்னார். களைக்கொத்து பிடித்த கை இது. வட்டம் சுரைக்காய் மாதிரி வந்தது. அரியலூரில் பிறந்த வீட்டில் எங்களுக்கு ஆலைச் சங்குதான் நேரம். வாழ்க்கைப்பட்டு வந்த இடத்தில் பஸ்தான் நேரம். முள்ளை எங்கே வைப்பேன்?

அவர் தாளைப் பார்த்துவிட்டு மகனிடம் மெதுவாகப் பேசினார். அவன் தலையாட்டினான். எனக்குப் பொறுக்கவில்லை.

இந்தக் கேள்விகளை உண்டாக்கியவர்கள் முதலில் யாரிடம் கேட்டுப் பார்த்தார்கள் என்று டாக்டரம்மாவைக் கேட்டேன். வெளிநாட்டில் இருக்கும் படித்தவர்களிடம், அப்புறம் சென்னையில் என்றார். எங்கள் பக்கத்தில் யாரிடமும் கேட்கவில்லையாம்.

"அப்ப நான் ஒண்ணு கேக்குறேன், சொல்லுங்க. அடுத்த நடவுக்கு வெதை வெங்காயத்தைக் குவிச்சு மூடிப் பட்டறை போட்டு வச்சிருக்கேன். உள்ள எந்த எடத்துல அழுகுதுன்னு பிரிக்காம எப்படிக் கண்டுபிடிப்பீங்க?"

"தெரியாதுங்களே."

"தெரியலைங்கறதுக்காக உங்க வூட்டைப் பூட்டிரலாமா?"

சும்மா இரும்மா என்று மகன் என் கையைப் பிடித்தான். டாக்டரம்மா அவனைத்தான் சும்மா இருக்கச் சொன்னார். நான் சொன்னேன்: ஓரத்தில் கையை நுழைத்தால் அழுகும் இடம் வெதுவெதுப்பாக இருக்கும். எந்த வயலில் எந்த மழைக்கு நட்டேன், எந்த மூலையில் பயிர் பிடிக்கவில்லை, எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டே வந்தார். படிக்காதவர்களுக்கென்று வேறு கேள்விகள் இருக்கின்றன, அவற்றைக் கேட்காமல் எதுவும் சொல்ல முடியாது, பக்கத்து வீட்டுக்காரர்களையும் விசாரிக்க வேண்டும் என்றார். அடுத்த மாதம் வரச் சொன்னார். போவேன். எனக்கென்ன பயம்?

வீட்டுக் கதவை நானே திறந்தேன். பாலை அடுப்பில் வைத்தேன். மறந்தது நிஜம்தான், இல்லையென்று சொல்லவில்லை. அதனால் பொங்கும்வரை அங்கேயே நின்றேன், மகன் பார்க்கட்டும் என்று.