வாயை மூடத் தெரியாத லொரெய்ன்

"ம்... அடப்பாவமே... ம்ம்... அப்புறம்?"

லொரெய்ன் கொண்டுவரும் ஒவ்வொரு ஒலிப்பதிவிலும் பேட்டி கொடுப்பவரைவிட உரக்கக் கேட்பது இதுதான். இங்கிலாந்தின் சண்டர்லாந்து நகரில் இருபத்திரண்டு வருடம் பெண்களுக்கு முடி வெட்டியவர். நாற்காலியில் உட்கார்ந்தவர் வாயைத் திறந்தால் இவர் 'ம்' கொட்டியாக வேண்டும். நாற்பத்து மூன்று வயதில் ஊடகவியல் படிக்கப் பல்கலைக்கழகத்துக்கு வந்திருக்கிறார். பதினாறில் பள்ளியை விட்டவருக்கு நேராக இடம் கிடைக்காது. அடித்தள ஆண்டு என்று ஒன்றைத் தாண்டவேண்டும். அதன் கடைசியில் ஐந்து நிமிட வானொலிப் பேட்டி. நாற்பது மதிப்பெண் வந்தால் முதலாண்டு, வராவிட்டால் வீடு.

அங்கே மாணவர்களுக்கு மைக்குகளைக் கொடுத்து வாங்கும் கவுண்டர் என்னுடையது. லொரெய்ன் வரும்போதெல்லாம் என் தலையை ஒரு பார்வை பார்ப்பார். "யாரு கண்ணு வெட்டுனது? புல்லு வெட்டுற மெஷினா?" ஆனால் கேபிளை ஹேர்டிரையர் வயர் சுற்றிய பழக்கத்தில் கச்சிதமாகச் சுற்றித் தருவார். மற்ற பிள்ளைகள் தருவது குருவிக்கூடு.

அந்த 'ம்'மை நிறுத்த அவர் பட்ட பாடு! வாயில் மிட்டாய் போட்டுக்கொண்டார். மிட்டாய் பல்லில் மோதுவது பதிவானது. தலையை மட்டும் ஆட்டச் சொன்னேன், தோடு கிணுகிணுத்தது. கூடப் படிக்கும் மேகன், "பேசாம வாய்ல டேப் ஒட்டிக்கோ, லொரெய்ன்" என்றாள்.

"ஒட்டுனா மூக்கால கொட்டுவேன்டி."

ஒத்திகைப் பேட்டிக்கு ஆசிரியர் முப்பத்திரண்டு போட்டார். "கடைக்கே திரும்பிப் போயிடறேன் கண்ணு. அங்க பேசுனா யாரும் மார்க் கொறைக்க மாட்டாங்க" என்றார் லொரெய்ன். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "தாராளமாப் போங்க. ஆனா மைக்கு உங்ககிட்டயே இருக்கட்டும், திங்கக்கிழமை குடுத்தாப் போதும்" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை, கடைசிப் பேட்டிக்காக லொரெய்ன் பெரில் என்பவரின் வீட்டுக்குப் போனார். பெரில் அவரிடம் பத்து வருடம் முடி வெட்டிக்கொண்ட வாடிக்கைக்காரர். கணவர் கென் இறந்து ஆறு மாதம். "கென் இல்லாம வீடு எப்படி இருக்கு?" என்று ஒரே கேள்வி. பிறகு தன் கையாலேயே தன் வாயைப் பொத்திக்கொண்டாராம். திங்களன்று எனக்குப் போட்டுக் காட்டினார். பதினோரு விநாடி சத்தமே இல்லை. அப்புறம் பெரிலின் குரல்: "நிம்மதியா இருக்கு, லொரெய்ன். கத்தறதுக்கு ஆளில்ல. இத நான் யார்கிட்டயும் சொன்னதில்ல. நீ போட்டுக்கோ, எல்லாரும் கேக்கட்டும்."

லொரெய்ன் ஹெட்ஃபோனைக் கழற்றினார். "பத்து வருசம் அவங்க தலைக்குப் பின்னாலயே நின்னேன். நான் சும்மா இருந்திருந்தா அப்பவே சொல்லிருப்பாங்களோ?"

முடிவு வந்த அன்று கைபேசியை என் பக்கம் தள்ளிவிட்டு, "நீயே பாத்துச் சொல்லு" என்று சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார். அறுபத்தொன்று. முதலாண்டில் இடம் உறுதி. சொல்லி முடித்ததும், அப்பாடா என்று எனக்கே மூச்சு வந்தது.

மாணவர்கள் தாண்டக்கூடாத கவுண்டர் கதவைத் திறந்துகொண்டு லொரெய்ன் உள்ளே வந்தார். என் நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு ஷூவையும் உதறிவிட்டு, காலை நீட்டிக்கொண்டார்.